மகிழடிச் சாட்சி

எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது பாலிசி விவரம் அல்ல, முகம். நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம் என்று இந்த ரயில் பாதையை ஒட்டியே என் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். டேங்க் ஃபேக்டரிக்காரர்கள், சி.ஆர்.பி.எஃப். குடும்பங்கள், எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், மார்க்கெட்டில் காய்கறிக் கடை போடுகிற பெண்கள். நான் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் எங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். "கிடைக்கலாம்னு சொல்லாதேம்மா, கிடைக்கும்னு சொல்லு. நீ ஒரு நிமிஷம் யோசிச்சா, அவர் ஒரு வருஷம் யோசிப்பார். 'போடலாமா சார்'னு கேட்காதே. பேனா மூடியைக் கழற்றி வெச்சுட்டு, 'நாமினி யாரு சார், வீட்டம்மாவா?'னு கேளு. மனைவி பேரைச் சொல்லிட்டார்னா பாதி பாலிசி முடிஞ்சுது."

அவர் சொன்னது பலிக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. தயங்குகிற ஏஜென்ட்டிடம் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் தபால் வழியில் தத்துவம் படித்து, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கும் போகிற ஒருத்திக்கு இதில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. உள்ளே இருப்பதைவிட அதிக நம்பிக்கையை வெளியே காட்டி, இன்னொருவர் மனத்தைத் திருப்புவது அறமா?

தொழிலில் இதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் கைவசம் இருக்கும். ஒன்று, நான் பொய் சொல்லவில்லையே, தைரியமாகத்தானே சொன்னேன் என்பது. இன்னொன்று, நல்லதுக்குத்தானே என்பது. இரண்டாவதற்கு வள்ளுவரையே சாட்சிக்கு இழுப்பார்கள். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று வாய்மை அதிகாரத்திலேயே அவர் சொல்லியிருக்கிறார் அல்லவா? சொல்லியிருக்கிறார். ஆனால் விளைகிற நன்மை குற்றமில்லாததுதானா என்று தீர்ப்புச் சொல்ல, முதல் வருஷப் பிரீமியத்தில் கமிஷன் வாங்குகிற நான் பொருத்தமான ஆள் இல்லை. அந்தக் குறளைக் கையில் எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப் பொருத்தமில்லாதவர்கள்தான்.

இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல வெளிச்சம் எங்கள் ஊர்க் கோயில் வழியாக வந்தது. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் இந்தப் பக்கத்துப் பெண்கள் மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்ப்போம். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். திருவொற்றியூரிலிருந்து திருமுல்லைவாயிலுக்கு வேனில் வரும்போதெல்லாம், இதே திசையில் கண் தெரியாமல் நடந்து வந்த ஒருவரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அவர் சுந்தரர்.

அந்தக் கதையை எழுதியவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரிய புராணம் பாடியபோது, சங்கிலியார் கல்யாணத்தை ஏயர்கோன் கலிக்காமர் புராணத்துக்குள் வைத்தார். ஞாயிறு என்ற ஊரில் பிறந்து, திருவொற்றியூரில் தங்கிக் கோயிலுக்குப் பூமாலை கட்டி வந்தவர் சங்கிலியார். அவரைப் பார்த்த சுந்தரர், மணந்தால் இவரைத்தான் என்று இறைவனிடம் போய் நின்றார். இறைவன் சங்கிலியார் கனவில் வந்து பெண் கேட்டார். சங்கிலியார் மறுக்கவில்லை. ஆனால் அவருக்குத் திருவாரூரில் மனைவி இருக்கிறாளே என்று நினைவூட்டினார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தருவான் என்றார் இறைவன்.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியம். சுந்தரருக்குத் திருவொற்றியூரிலேயே தங்கிவிடும் எண்ணம் இல்லை. ஊர் ஊராகக் கோயில்களைப் பாடுகிறவர் அவர். ஆனாலும் சத்தியத்தைக் கம்பீரமாகச் செய்தாக வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சங்கிலியை அழைத்துக்கொண்டு நான் சந்நிதிக்கு வரும்போது, நீ கருவறையில் இருக்காதே, வெளியே மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று இறைவனையே கேட்டுக்கொண்டார். தம்பிரான் தோழர் என்று பெயர் வாங்கியவர் அல்லவா, கேட்கும் உரிமை இருந்தது. இறைவனும் சரி என்றார். அன்று இரவே சங்கிலியார் கனவுக்குப் போய், சந்நிதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் வாங்கிக்கொள் என்றும் சொல்லிவிட்டார். காலையில் சந்நிதிக்குள் சுந்தரர் உற்சாகமாக நுழைந்தார். இதற்காக ஆண்டவன் முன்னால் சத்தியம் செய்ய வேண்டுமா, அந்த மகிழ மரத்தடியில் செய்தால் போதாதா என்று சங்கிலியாரின் தோழிகள் பணிவாகக் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல சுந்தரருக்கு வழியில்லை. மரத்தை மூன்று முறை வலம் வந்து சத்தியம் செய்தார். மாசித் திருவிழாவில் இன்றைக்கும் அங்கே மகிழடி சேவை நடக்கிறது.

பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்தது. கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று.

சத்தியம் தவறியதற்குத் தண்டனை என்று எல்லோரும் சொல்வோம். சரிதான். ஆனால் தவறு எல்லையைத் தாண்டிய அன்றைக்கா நடந்தது? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான், அவன் அந்த இடத்தில் இருந்தால் என்னால் இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது, ஆகவே அவன் கொஞ்சம் வெளியே இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்த கணத்திலேயே தவறு முடிந்துவிட்டது. உறுதியாகப் பேசியது குற்றம் இல்லை. சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு உறுதியாகப் பேசத் திட்டமிட்டதுதான் குற்றம். சுந்தரர் தெய்வத்தை நம்பாதவர் அல்ல. தெய்வம் அங்கே இருந்தால் சத்தியம் பிடிக்கும் என்று முழுக்க நம்பியதால்தான் அதை நகரச் சொன்னார்.

சுந்தரர் இதை மூடி மறைக்கவில்லை. கண் இல்லாமல் திருமுல்லைவாயிலுக்கு வந்து மாசிலாமணீசுவரர் முன்னால் பாடிய பதிகத்தில், சங்கிலிக்காக என் கண்ணைப் பறித்தவனே என்று பெயரோடு சொல்லியே துன்பத்தைக் களையக் கேட்கிறார். அடுத்து திருவெண்பாக்கம் போனார். அந்தப் பழைய ஊர் பூண்டி ஏரி கட்டியபோது தண்ணீருக்குள் போய், கோயில் வேறு இடத்தில் எழுந்திருக்கிறது. அங்கே நின்று அவர் கேட்ட கேள்வி, கோயிலுக்குள் இருக்கிறாயா என்பதுதான். இருக்கிறோம், நீ போ என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது, கையில் ஒரு ஊன்றுகோலும் கிடைத்தது. ஒரு நாள் கருவறையை விட்டுப் போ என்று கேட்டவர், இன்னொரு நாள் உள்ளே இருக்கிறாயா என்று கேட்கும்படி ஆனது. இதைவிடக் கச்சிதமான தண்டனை எனக்குத் தெரிந்து எந்தப் புராணத்திலும் இல்லை. பிறகு காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் வந்தன என்பது எல்லோருக்கும் தெரியும்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். சுந்தரருக்குத் தான் செய்வது தெரியும். தெரியாமல், மனசார நம்பிப் பேசுகிறவர் கதி என்ன? அவர் மேலே எப்படிக் குற்றம் சொல்வது?

1877-ல் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இதற்கு ஒரு கப்பல் முதலாளியைக் காட்டினார். கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டும் என்று சிலர் எச்சரித்தார்கள். முதலாளிக்கும் உறுத்தியது. ஆனால் எத்தனையோ புயலைத் தாண்டி வந்த கப்பல், வெளிநாடு போய்ப் பிழைக்கப் போகிற இத்தனை குடும்பங்களைக் கடவுள் கைவிடுவாரா என்று தனக்குத் தானே சொல்லிச் சொல்லிச் சந்தேகத்தை விரட்டினார். முடிவில் மனசார நம்பினார். சிரித்த முகத்தோடு வழியனுப்பினார். கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. அவர் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டார். இந்தக் கடைசி விவரத்தைப் படிக்கும்போது எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்றிருக்கும். கிளிஃபோர்ட் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்கிறார். அவர் மனசார நம்பினார் என்பது உண்மை. அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை.

சுந்தரர் சாட்சியைக் கருவறையிலிருந்து அனுப்பப் பார்த்தார். கப்பல் முதலாளி தன் மனசிலிருந்தே அனுப்பிவிட்டார். இரண்டாவது வகைதான் நாட்டில் அதிகம். 2022-ல் ஆருத்ரா கோல்டு விவகாரம் வெடித்தது. மாதம் 25, 30 சதவீதம் என்று ஆசை காட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் சொன்னது. இந்த மாதிரித் திட்டங்களை ஊருக்குள் கொண்டு வருகிறவர்கள் மேடையில் பேசுகிறவர்கள் அல்ல, நம் சொந்தக்காரர்கள். முதல் இரண்டு மாசம் கைக்குப் பணம் வந்த சித்தப்பா, "எனக்கு வந்துச்சுடா, உனக்கு வராதா?" என்று தங்கச்சி வீட்டு வாசலில் வந்து நிற்பார். அவர் பொய் சொல்லவில்லை. இவ்வளவு வட்டி எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது என்ற ஒரே கேள்வியை மட்டும் உள்ளே விடவில்லை. அந்தக் கேள்வியை வெளியே நிறுத்தியதால்தான் அவர் குரலில் அத்தனை தெம்பு.

என் வீட்டுக்காரர் டேங்க் ஃபேக்டரியில் இருந்தவர். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த இடம் அது. அங்கே டாங்கி செய்கிறவர்கள் ஒரு நிர்வாகம், அதைச் சோதித்துத் தரம் சரி என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்னொரு நிர்வாகம். "நாங்க எவ்வளவு நம்பிக்கையா செஞ்சாலும் அவங்க நம்பிக்கையா பார்க்க மாட்டாங்க, அதான் அவங்க வேலை" என்பார். செய்தவருடைய தெம்பு சோதனை அறைக்குள் செல்லாது. சாட்சியை வெளியே அனுப்ப முடியாதபடி ஏற்பாடு செய்துவிட்டால், மனிதர்களுடைய நல்ல குணத்தை நம்பி உட்கார வேண்டியதில்லை.

அப்படியானால் நிரூபணம் கையில் இல்லாத எந்தத் தெம்பையும் காட்டவே கூடாதா? அதுவும் இல்லை. கிளிஃபோர்டுக்குப் பதில் சொல்வதுபோல அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1896-ல் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதில் ஒரு ரயில் வருகிறது. நாலைந்து திருடர்கள் ரயில் முழுக்கக் கொள்ளையடித்துவிட்டுப் போகிறார்கள். பயணிகள் தனித்தனியே கோழைகள் இல்லை. நான் எழுந்தால் மற்றவர்களும் எழுவார்கள் என்ற நம்பிக்கை ஒருவருக்கும் இல்லை, அவ்வளவுதான். அது இருந்திருந்தால் அந்த நம்பிக்கையே அதை உண்மையாக்கியிருக்கும். சில காரியங்களில் நம்பிக்கை முன்னால் போகிறது, உண்மை பின்னால் வருகிறது என்பது ஜேம்ஸின் வாதம். பிரசவ வார்டில் "ஒண்ணும் இல்லம்மா, நல்லா மூச்சு விடு" என்கிற நர்ஸிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. ஆனால் அவள் குரல் கேட்கிறவளுடைய உடம்புக்குள் போய் வேலை செய்கிறது.

ஜேம்ஸும் சரி, கிளிஃபோர்டும் சரி. இருவரும் பேசுவது வேறு வேறு காரியங்களைப் பற்றி. என் தெம்பு அந்தக் காரியம் நடப்பதற்குத் துணை செய்கிறதா, இல்லை காரியத்தின் ஆபத்தை எதிரே இருப்பவர் தலைக்கு மாற்ற மட்டும் பயன்படுகிறதா? நர்ஸின் குரல் முதல் வகை. என்னுடைய "கிடைக்கும் சார்" இரண்டாம் வகை. போனஸ் என் முகத்தைப் பார்த்து அறிவிக்கப்படுவதில்லை.

முதல் வகைக்கும் திருமுல்லைவாயிலிலேயே ஒரு சான்று உண்டு. குறும்பர்களிடம் தோற்றுத் திரும்பிய தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக் கொடி சுற்றியது. வாளால் வெட்டினான். கொடிக்கு அடியில் இருந்த லிங்கத்தின் மேல் வாள் பட்டு ரத்தம் வந்தது. தன் கழுத்தையே வெட்டிக்கொள்ளப் போனவனை இறைவன் தடுத்தார். தோற்றவனிடம் "தைரியமாகப் போ, ஜெயிப்பாய்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எங்கள் சீனியராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். இறைவன் நந்தியைக் கூடவே அனுப்பினார். அதனால்தான் இந்தக் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்த்து இருக்காது. எதிர்ப்பக்கம் திரும்பி, கிளம்பத் தயாராக இருக்கும். அடுத்தவருக்குத் தெம்பு கொடுக்கிறவர் அவரோடு களத்துக்குப் போகிறவராகவும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? வெட்டுப்பட்ட லிங்கத்துக்கு வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பு, சித்திரையில் மட்டும் காப்பு களைந்து தரிசனம். காயம் மூடியிருக்கிறது, ஆனால் காயம் இருப்பது ஊருக்கே தெரியும். நர்ஸ் தன் பயத்தை மூடிக்கொள்வதும் இந்த மாதிரி மூடல்தான். யாரையும் ஏமாற்றுவது அதில் இல்லை.

ஆவடி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1955 ஜனவரி காங்கிரஸ் மாநாடு நினைவுக்கு வரும். யு.என். தேபர் தலைமையில், சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று இங்கேதான் தீர்மானம் போட்டார்கள். புதிய நாடு, பெரிய நம்பிக்கை, ஜேம்ஸ் ரசித்திருப்பார். அதற்கு அடுத்த ஜனவரியில் ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு எடுத்துக்கொண்டது. பல கம்பெனிகள் பாலிசிதாரர்களின் பணத்தில் விளையாடியதும் அதற்கு ஒரு காரணம். 1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. பிறந்தது. அதன் சின்னத்தில் இருப்பது கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்து வாக்கு. உன் நலத்தை நான் சுமக்கிறேன் என்று கண்ணன் சொல்வது. உண்மையில் அப்படிச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். ஆனால் சட்டம் போட்டவர்கள் வெறும் வாக்கோடு நிற்கவில்லை. பாலிசித் தொகைக்கும் போனஸுக்கும் மத்திய அரசு பொறுப்பு என்று 37-ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். வாக்குக் கொடுத்தால் கூடவே வர வேண்டும் என்ற நந்தியின் நியாயம்தான் அந்தப் பிரிவு.

அந்த மாநாடு நடந்தபோது முதலமைச்சராக இருந்த காமராஜர் இன்னொரு விதம். மனு கொடுக்கிறவர்களிடம் அவர் வாயிலிருந்து வந்தது "ஆகட்டும், பார்க்கலாம்" மட்டும்தான் என்பார்கள். எங்கள் தொழிலின் இலக்கணப்படி இது படு தோல்வியான வாக்கியம். ஆனாலும் அதைக் கேட்டவர்கள் காரியம் முடிந்த மாதிரி திரும்பிப் போனார்கள். பார்க்கலாம் என்றால் பார்ப்பார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. கையில் இருப்பதற்குக் குறைவாகப் பேசியே மனிதர்களை நம்ப வைக்க முடியும்; என்ன, அதற்கு ஒரு வாழ்நாள் ஆகும், மாசக் கடைசி டார்கெட்டுக்குள் நடக்காது.

பட்டாபிராமில் ஒரு வீடு. கணவர் வெல்டிங் வேலை, தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, இதே பாலிசி உங்க வீட்டுக்குப் போட்டிருக்கீங்களா?" என்றார். போட்டிருக்கிறேன் என்றேன். "ரசீது இருக்கா?" பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தேதியையும் தொகையையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "நடுவுல கட்ட முடியலேன்னா?" ஆரம்பத்திலேயே நிறுத்தினால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும் என்றேன். "இவருக்கு மழைக்காலத்துல வேலை இருக்காது. அப்போ பாதியாப் போடுங்க" என்றார். கணவருக்குச் சர்க்கரை இருப்பதையும் அவர்தான் சொன்னார், அதையும் படிவத்தில் எழுதினோம். அதை மறைத்து எழுதியிருந்தால் பிரீமியம் குறைந்திருக்கலாம். ஆனால் மூன்று வருஷத்துக்குள் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், கம்பெனி கேள்வி கேட்க 45-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அந்தப் பெண்மணிக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூடக் குறி தவறவில்லை. சங்கிலியாரின் தோழிகள் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவன் நடந்துகொண்ட விதம் சிலருக்கு நெருடும். தோழனிடம் சரி என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போய் ரகசியத்தைச் சொன்னது நியாயமா? மரத்தடிக்குப் போகிறேன் என்ற வாக்கை அவர் மீறவில்லை, போய்த்தான் இருந்தார். எங்கே இருக்கிறேன் என்பதை நம்பப் போகிறவளிடமும் சொன்னார், அவ்வளவுதான். பேசுகிறவன் எவ்வளவு பெரிய பக்தனாக இருந்தாலும், தெரிய வேண்டியது கேட்கிறவளுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று இறைவன் அந்த இரவில் முடிவு செய்திருக்கிறார். எங்கள் துறையில் இப்போது பாலிசிப் பத்திரம் கைக்கு வந்தபின் முப்பது நாள் அவகாசம் இருக்கிறது; படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். ஏஜென்ட்டுகளில் பலர் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்கள். நான் கையெழுத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சில கையெழுத்துகள் அந்த இடத்திலேயே நின்றுபோகின்றன.

போகட்டும். தெம்பாகப் பேசுவது என் உரிமை. விஷயம் தெரிந்து நம்புவது எதிரே இருப்பவர் உரிமை. இரண்டாவதைப் பறித்துக்கொண்டு முதலாவதைப் பயன்படுத்துகிறவர், தெய்வம் என் பக்கம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளக் கூடாது. அது எந்தப் பக்கம் போய் நிற்கும் என்பதைத் திருவொற்றியூரிலேயே காட்டிவிட்டது.